பெயர் போட்ட கதிரைகள்

எங்கள் மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளுக்கு முதுகில் பெயர் உண்டு. பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தவை. பழைய தேர்தல் ஒன்றின்போது ஓர் அரசியல்வாதி லொறியில் கொண்டுவந்து இறக்கினார். அன்பளிப்பு என்ற சொல் சிறிதாகவும் அன்பளித்தவரின் பெயர் பெரிதாகவும் எழுதப்பட்டிருந்தன. உட்காருகிறவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவருக்குப் பின்னால் உட்காருகிறவர்தான் பெட்டி எடுக்கும்வரை அதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மனிதனின் பெயரை மற்றவர் மனதில் பதியவைக்க சாவு வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. வேறு பராக்கே இல்லை.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன், ஆகவே கூட்டத்து அறிக்கையும் எழுதுவான் என்று முடிவுசெய்தார்கள். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே தேர்தல் அது.

நாங்கள் இருப்பது ஹந்தானை மலையின் காலடியில், கண்டி நகரம் முடிந்துவிட்டதா இல்லையா என்று நகரத்துக்கே சந்தேகம் வரும் இடத்தில். மேலே தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராக்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் இறங்கிவந்த குடும்பங்கள். கடையில் நிற்கிறவர்கள், மாநகர சபையில் வேலைபார்க்கிறவர்கள், ஓட்டோ ஓடுகிறவர்கள், என்னைப்போல் கந்தோரில் கோப்புப் பார்த்துக் கதிரை தேய்க்கிறவர்கள். எங்கள் சந்து முழுக்கப் படிக்கட்டு. வாகனம் வராது. உயிரோடு இருப்பவர் தானாக இறங்குவார். செத்தவரைப் பெரிய ரோடு வரைக்கும் தோளில்தான் இறக்க வேண்டும். செங்குத்தான படி. பெட்டியின் முன்பக்கத்தைப் பிடிப்பவர்கள் இருவரும் ஒரே உயரமாக இருந்து, இறங்கும்போது கையை உயர்த்திக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி ஒரு பக்கம் சாயும்.

இந்த உயரப் பொருத்தத்தைப் பார்ப்பது எங்கள் ஊரில் கல்யாணப் பொருத்தத்துக்குச் சமமான காரியம். என் மாமனார்தான் பார்த்தார். தன் தோள் தளர்ந்த பிறகு, முன்ஜோடியாக இரண்டு பேரைச் சுவரோரம் நிறுத்தி அளந்து தேர்ந்தெடுத்தார். ஒருவர் அவர் மகன், அதாவது என் மச்சினன். டவுனில் மின்சாரச் சாமான் கடையில் வேலை. மற்றவர் மேல்வீட்டு ஓட்டோக்காரர். இருவரும் ஒரே உயரம், ஒரே வகுப்பு, ஒரே அளவு வாய். எங்கள் சந்தில் யார் செத்தாலும் முன்னால் இவர்கள் இரண்டு பேர்தான்.

பிறகு தேர்தல் வந்தது.

என் மச்சினன் கதிரை கொடுத்தவரின் பக்கம். ஓட்டோக்காரர் எதிர்ப்பக்கம். மச்சினனுக்கு இயல்பிலேயே ஒலிபெருக்கித் தொண்டை. அவன் கையில் ஒலிபெருக்கியையும் கொடுத்தார்கள். வேனில் போய்க்கொண்டே, "ஓட்டோ ஓட்டத் தெரிஞ்சவனெல்லாம் நாட்ட ஓட்டப் பாக்கறான்!" என்று கத்தினான். பெயர் சொல்லவில்லை. எங்கள் சந்துக்குள் பெயர் சொல்லவும் தேவையில்லை. ஓட்டோக்காரர் பதிலுக்குத் தன் வண்டியின் பின்கண்ணாடியில், "வாடகை வாய்க்கு வாக்கில்லை" என்று எழுதி ஒட்டினார். இலக்கிய ரீதியாகப் பார்த்தால் அது என் கட்டுரைகளைவிட நன்றாக இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

நானும் ஓட்டோக்காரரின் பக்கத்துக்குத்தான் வாக்களித்தேன். நான் வாக்களித்த பக்கம் வென்றது. இது எனக்குப் பழக்கமில்லாத அனுபவம். நான் யாரை ஆதரித்தாலும் அவர் தோற்பார் என்பது எங்கள் வீட்டில் நிரூபிக்கப்பட்ட விதி. மச்சினன் என்னைத் தன் பக்கம் இழுக்க முயலாததற்குக் காரணமே அதுதான்.

மாமனாருக்கு வாக்கு சாதாரண விஷயமல்ல. இந்த மண்ணில் பிறந்து, இந்த மலையில் உர மூட்டை சுமந்து, எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் பாதி ஆயுளைக் கழித்த தலைமுறை. முதல் வாக்கைப் போடும்போது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. கோவிலுக்குப் போவதுபோல் வெள்ளை வேட்டி கட்டித்தான் போவார். யாருக்குப் போட்டார் என்று மாமியிடம்கூடச் சொல்லமாட்டார். "அவ்வளவு காலம் குடுக்காம வச்சிருந்தானுங்க. இப்ப கெடச்சத ஒங்கிட்ட எதுக்குக் காட்டணும்?" என்பார்.

இந்த முறை நெஞ்சுச் சளி அவரைப் படுக்கையில் போட்டிருந்தது. அப்படியும் வேட்டியைக் கேட்டார். மச்சினனும் ஓட்டோக்காரரும் அவரைச் சங்கத்துக் கதிரையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படி இறக்கினார்கள். ஓட்டோவில் மகன் பக்கத்தில் உட்கார, மற்றவர் ஓட்ட, வாக்குச்சாவடிவரை மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து, மாமா தங்கள் பக்கம்தான் போட்டார் என்று அடித்துச் சொன்னார்கள்.

முடிவு வந்த மாலையில் ஓட்டோக்காரர் படிக்கட்டில் வெடி கொளுத்தினார். வேண்டுமென்றே மச்சினன் வீட்டு வாசலுக்கு நேராக. புகை ஜன்னல் வழியாக உள்ளே போனது. மாமனார் இருமத் தொடங்கி, இருமல் நிற்காமல், அவரை வெளியே தூக்கிவந்து முதுகைத் தடவ வேண்டியிருந்தது. மச்சினன் படியில் நின்று கத்தினான். இந்த முறை அவனுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"எங்க வீட்டுச் சாவுக்கு ஒங்க ஆளுக ஒருத்தனும் வரவேணாம்! நான் கூலிக்கு ஆள் புடிச்சுத் தூக்கிக்கிறேன்!"

"நாங்களும் வரல! அந்தப் பேர் போட்ட கதிரைல இனி என் ஒடம்பு படாது!"

எங்கள் சங்கத்தில் கூலிக்குத் தூக்குவது என்பது நாதியற்றவர்களுக்குச் செய்வது. அந்த வார்த்தை சந்தில் கடைசிப் படிவரைக்கும் உருண்டு போனது. அன்றிலிருந்து எங்கள் சந்து இரண்டாகியது. ஒரு பக்கத்தார் குழாயடியில் நின்றால் மறுபக்கத்தார் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒரே படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் போவதற்கு ஒரு திறமை வேண்டும். அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டோம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, கூலிக்குத் தூக்கறவன் படியில பெட்டியச் சாச்சிருவான். நான் தல கீழா எறங்க மாட்டேன்."

"இப்ப எதுக்கு மாமா அந்தப் பேச்சு?"

"பின்ன எப்ப பேசறது, செத்த பொறகா? அவனுக ரெண்டு பேருந்தான் தூக்கணும். நான்தான அளந்து வச்சேன்."

"அவனுக பேசிக்கிறதே இல்லையே மாமா."

"பேசச் சொல்லல. தூக்கச் சொல்றேன்."

அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். செயலாளர்தானே, ஏதாவது செய்யுங்கள் என்ற பார்வை. அந்தப் பார்வைக்கு நான் எப்போதும் தப்பான எதையாவதுதான் செய்வேன்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். பாடசாலையில் சத்தம் கேட்டால் மணியடிப்பது அவர் பழக்கம். கூட்டத்தைக் கூட்டி, விளக்கேற்றி, "அங்கத்தவர்கள் இனி அரசியல் பேசுவதில்லை" என்று ஒரு தீர்மானத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதுங்க."

"எழுத மாட்டேன் சார்."

கூட்டம் திடுக்கிட்டது. நானும்தான். கந்தோரில் இருபது வருடமாக, சொன்னதையெல்லாம் எழுதிப் பழகிய கை அது.

"ஏன் எழுத மாட்டீங்க?"

"வாக்கே இல்லாம வாயப் பொத்திக்கிட்டு இருந்தாங்க நம்ம ஆளுக. இப்ப வாக்கு இருக்கு. இப்பவும் வாயப் பொத்தணும்னா, அதுக்கு நம்ம கையாலயே தீர்மானம் எழுதணுமா?"

அவர் மணியைத் தேடினார், இல்லை. இரண்டு பக்கமும் கைதட்டியது. ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கமும் கைதட்டியது தேர்தலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. உடனே இரண்டு பக்கமும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டது. தலைவர் தோற்றவர்போல் உட்காராமல், அப்படியானால் சண்டைக்குக் காரணமான பெயரையாவது அழிப்போம் என்றார். அதற்கு நான் தலையாட்டினேன். வீரத்தில் எனக்கு ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவைக்குமேல் சரக்கிருக்காது.

மச்சினன் எழுந்தான். "அழிக்கறதுன்னா அழிங்க. ஜெயிச்சவன் கலர அதுமேல அடிச்சா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்."

"தோத்தவன் கலரும் வேணாம்," என்றார் ஓட்டோக்காரர் கூரையைப் பார்த்து.

பொதுவான நிறத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. டவுனில் எந்தக் கடையில் வாங்கினாலும் கடைக்காரர் எந்தக் கட்சி என்று சந்தில் கிண்டுவார்கள். ஆகவே பஸ் ஏறித் திகனவுக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் நானா பெயிண்ட், ஆணி, தகரம் விற்கிறார்.

"வாங்க தம்பி. வென்ட ஆக்கள் எல்லாம் இப்ப பெயிண்ட் வாங்குறாங்க. எந்தக் கலர்?"

"எந்தக் கட்சிக்கும் சேராத கலர் ஒன்னு வேணும் நானா."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நிறங்கள் அச்சடித்த நீள மட்டையை மேசையில் விரித்தார். பச்சையில் விரலை வைத்தார். நான் தலையை ஆட்டினேன். நீலம். சிவப்பு. மஞ்சள். ஊதா. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு தேர்தலில் ஏதாவது ஒரு கொடியில் பறந்திருந்தது. கறுப்பு என்றால் தோற்றதற்குக் கறுப்புக்கொடி என்பார்கள். வெள்ளை அடித்தால் பழைய எழுத்து உள்ளிருந்து பல்லிளிக்கும். கடைசியில் சாம்பல் மட்டும் மிஞ்சியது.

"இதுக்குத்தான் ஆளில்ல," என்றார். "கட்சி தொடங்கப்போறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே ஷட்டரைக் காட்டினார்.

"இந்தக் கடைய ஒருக்கா கலவரத்துல எரிச்சாங்க தானே. திரும்பக் கட்டுற நேரம் ஆக்கள் சென்ன, பேர சின்னதாப் போடு, கலர மாத்து, கண்ணுல படாம இரி எண்டு. நான் அதே கலர் அடிச்ச. எழுத்த முந்தியவிடப் பெருசாப் போட்ட. பேர அழிச்சா சண்ட நிக்கும் எண்டு ஒங்களுக்கு யார் சென்ன?"

சமாதானத்தைப் பற்றி நான் வாசித்த புத்தகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றிலும் ஷட்டர் இல்லை. அரசியலையே பேசிக்கொண்டிருந்ததில், கதிரை மரமா இரும்பா என்று அவர் கேட்கவும் மறந்தார், அடிக்கப்போவது பிளாஸ்டிக்கில் என்று நான் சொல்லவும் மறந்தேன். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் பெயிண்டைத் தந்தார். நன்றி சொல்லி வாங்கிவந்தேன்.

நானே அடித்தேன். கோவில் முற்றத்தில் கதிரைகளைக் கவிழ்த்துப்போட்டு, ஒவ்வொரு முதுகிலும் பெயர்மேல் சாம்பல் பட்டை. அடித்து முடித்தபோது மலையிலிருந்து மழை இறங்கியது. கண்டி மழைக்கு அறிவிப்பு கிடையாது. தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை என்று என் கை சொன்னது. அந்தக் கை முன்பே சொன்னேனே, சொன்னதையெல்லாம் ஒத்துக்கொள்ளும் கை. கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கோவில் சாமான் அறையில் பூட்டினேன். மழை வாரக்கணக்கில் விடவில்லை.

அந்த மழைக்குள்தான் மாமனார் போய்ச் சேர்ந்தார். ஒரு விடிகாலை, மாமி தேத்தண்ணி கொண்டுபோனபோது மூச்சு இல்லை. வெள்ளை வேட்டியைத்தான் கட்டினோம்.

மச்சினன் கண் சிவந்து ஒரு மூலையில் நின்றான். என்னிடம் வந்து, "மச்சான், டவுன்ல ஆள் சொல்லியிருக்கேன். தூக்க வருவாங்க," என்றான்.

"மாப்ள, ஒங்கப்பா என்ன சொன்னார்னு தெரியுமா?"

"தெரியும். எனக்கும் சொன்னாரு. அவன் வரமாட்டானே மச்சான். நான் போய்க் கூப்பிடணுமா? அப்பாவ மூச்சு முட்ட வச்சவனையா?"

நான் கதிரை கொண்டுவரப் போனேன்.

சங்கத்தார் சாமான் அறையிலிருந்து கதிரைக் கோபுரங்களைத் தூக்கிவந்து சாவு வீட்டு முற்றத்தில் வைத்தார்கள். ஒருவர் மேல்கதிரையைப் பிடித்துத் தூக்கினார். கோபுரம் முழுவதும் எழுந்தது. கீழே விட்டார். மறுபடி தூக்கினார். மறுபடி கோபுரம் முழுவதும் எழுந்தது. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

காயாத பெயிண்ட் ஒரு கதிரையின் முதுகை அடுத்த கதிரையின் நெஞ்சோடு ஒட்டவைத்துவிட்டது. தனி ஆளால் முடியாது. ஒருவர் கீழே அமுக்கிப்பிடிக்க, இன்னொருவர் மேலே இழுக்க வேண்டும். சாவு வீட்டுக்கு வரவேமாட்டோம் என்றிருந்தவர்களும் எட்ட நின்று பார்த்தபடி இருந்தார்கள். கதிரை பிரியாத கூத்தை எட்ட நின்று பார்க்க மனிதனால் முடியாது. ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர்.

"நல்லாப் புடிங்கண்ணே."

"புடிச்சுத்தான இருக்கேன், நீ இழு."

"ஒரு பெயிண்ட் அடிக்கத் தெரியல, ஒங்க ஆளுக நாட்ட ஆளப் போறாங்களாம்."

"பெயிண்ட்ட விடு. கதிரைல ஒட்டிக்கிட்டு எந்திரிக்கமாட்டேன்னு கெடந்தது யாரு? ஒங்க ஆளுதான?"

"எங்காளு ஒட்டினது அஞ்சு வருஷம். ஒங்காளு ஒட்டப் போறத இனித்தான் பாக்கணும்!"

படார் என்று ஒரு கதிரை பிரிந்தது. சாம்பல் பட்டை தோலுரிந்து அடுத்த கதிரையோடு போய்விட்டது. முதுகில் பழைய பெயர் நின்றது, கழுவிவைத்ததுபோல், முன்பைவிடத் தெளிவாக. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கதிரைகளிலும் அவர் திரும்பி வந்தார். தோற்றவருக்கு என் புண்ணியத்தில் அன்று முழு வெற்றி. கதிரைகளின் முன்பக்கத்தில் சாம்பல் பிசுக்கு. அதில் சாய்ந்தவர்கள் எல்லோருக்கும், எந்தப் பக்கமானாலும், வெள்ளைச் சட்டையில் ஒரே மாதிரிப் பட்டை. உள்ளே அழுதுகொண்டிருந்த மாமியே ஒரு கணம் நிறுத்தி, "மருமகன் செஞ்ச வேலையா?" என்று கேட்டார். யாரிடமும் விசாரிக்காமல் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நேரம்தான் ஓட்டோக்காரர் படியிறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை. தோளில் துண்டு. உட்காரச் சொல்லி யாரோ கதிரையை நகர்த்தினார்கள். அவர் அந்தப் பெயரைப் பார்த்தார். நின்றார்.

தப்புமேளம் அடிப்பவர்கள் கையை நிறுத்திக்கொண்டார்கள். மச்சினன் வாசலுக்கு வந்தான்.

"நீ எதுக்கு வந்த?"

"ஒஞ்சாவுக்கா வந்தேன்? மாமா சாவுக்கு வந்தேன்."

"வெடி போட்டல்ல?"

"போட்டேன். ஜெயிச்சா போடுவேன். அடுத்த தடவையும் ஜெயிப்போம், அப்பவும் போடுவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒங்க வாசல்ல போட்டது தப்பு. அது மட்டும் தப்பு."

"இந்தக் கதிரைல ஒடம்பு படாதுன்னியே. இப்ப?"

"இப்பவும் ஒக்காரலயே. ஒக்காரவும் மாட்டேன். தூக்கறதுக்கு நின்னாப் போதும்."

டவுனிலிருந்து வந்த கூலி ஆட்கள் ஓரமாக நின்று, வேலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து என் மனைவி வாசற்படிக்கு வந்தாள்.

"மழை வரப்போகுது. அப்பாவ வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஓட்டு எண்ணுறீங்களா?"

மச்சினன் துண்டை உதறித் தோளில் போட்டான். "நான் வலது பக்கம்," என்றான். "நீ வழக்கம்போல இடது. கையத் தூக்கிப் பிடி. போன தடவ நீதான் சாச்ச."

"நான் சாச்சேனா? நீ குள்ளமாயிட்டு வர்ற."

சங்கு ஊதினார்கள். பெட்டி எழுந்தது. படி ஈரம். முன்னால் இருவரும் கையை உயர்த்தியபடி ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். நான் பின்பக்கத்தில் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன். நான் பிடித்தால் என்ன பிடிக்காவிட்டால் என்ன என்கிற இடம் அது. பெட்டிக்கு அடியிலிருந்து முன்னால் நடப்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அப்பா எங்களுக்குத்தான் போட்டாரு."

"போடா. வண்டில வர்றப்ப என் தோளத் தட்டினாரு. எதுக்குத் தட்டினாரு?"

"மெதுவா ஓட்டச் சொல்லி."

"காஸ் வெல ஏத்தினவனுக்கா மாமா போடுவாரு?"

"எறக்கறேன்னவன் எறக்கிட்டானா? படியப் பாரு, படியப் பாரு..."

பெட்டி சாயவில்லை. பெரிய ரோடுவரைக்கும் தண்ணீர் வைத்தால் தளும்பாத மட்டத்தில் வந்தது. மாமனார் கடைசியாகக் கேட்டுக்கொண்டு போனது அவர் வாக்கைப் பற்றிய சண்டையைத்தான். யாருக்குப் போட்டார் என்பது அவரோடு குழிக்குள் இறங்கியது. அவர் அதை எப்படி ரசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பெயிண்டைப் பற்றிப் பேச்செடுத்தார். வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சொன்னது. பெயர் இருக்கட்டும், என்றான் மச்சினன். இருக்கட்டும், அப்பத்தான் யாரத் தோக்கடிச்சோம்னு மறக்காது, என்றார் ஓட்டோக்காரர். அரசியல் பேசக்கூடாது என்ற தீர்மானத்தைத் தலைவர் மறுபடி நீட்டினார். நான் மறுபடி எழுதவில்லை. இந்த நாட்டில் பெரிய மேடைகளில் எத்தனையோ பேர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் சந்தில் யாரும் யாரோடும் கைகுலுக்கவில்லை. குழாயடியில் மட்டும் பழையபடி சண்டை நடக்கிறது. அது போதும், வாளியைத் தூக்கிக்கொண்டு யாரும் திரும்புவதில்லை.

மாமனாரின் கருமாதி அன்று முற்றத்தில் அதே கதிரைகளைப் போட்டோம். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஓட்டோக்காரர் மட்டும் தூணோரம் நின்றார். மச்சினன் உள்ளே போனான். அடுப்படியில் மாமி உட்கார்ந்து தேங்காய் துருவும் மரக் கட்டையைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தான்.

"இதுல யார் பேரும் இல்ல. ஒக்காரு."

ஓட்டோக்காரர் குனிந்தார். கட்டையைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "அடுத்த தேர்தல்ல ஒங்காளு நிப்பாரா, இல்ல ஒளிஞ்சுக்குவாரா?"